நாற்பது பெண்களைப் பெட்டியில் சுமந்த குணா அக்கா

வெள்ளிக்கிழமை காலை. விளக்கேற்றி, அம்மன் படத்துக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. திரையில் 'குணா அக்கா' என்று இருந்தது. பூஜை நேரத்தில் கூப்பிடாதே என்று நான் சொல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது. அவர் கூப்பிடாத வெள்ளிக்கிழமையும் கிடையாது. எடுத்த எடுப்பில், "இன்னாக்கா, அம்மனுக்குப் பூ வைக்கவுடாம உனக்கு இன்னா அவசரம்? ஏரி இன்னா ஓடியா போய்டும்?" என்று கத்திவிட்டேன். பதிலுக்கு அவருடைய மகன் சேகரின் குரல் வந்தது. "சித்தி, நான்தான் பேசறேன். அம்மா போய்ட்டாங்க. தூக்கத்துலயே."

கையில் மிச்சப் பூவை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். போன அக்காவையா திட்டினேன் என்று நான் அழுதது அவனுக்குக் கேட்டிருக்கும். "வுடுங்க சித்தி. அம்மா இருந்திருந்தா உங்கள விட ரெண்டு வார்த்தை அதிகமாத் திட்டிட்டுத்தான் வச்சிருப்பாங்க" என்றான். தாய் போன ஒரு மணி நேரத்தில் அவன் எனக்கு ஆறுதல் சொன்னான்.

குணசுந்தரி என்று முழுப்பெயரில் அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பசியாவரத்தில் குணா. கோட்டைக்குப்பத்தில் குணாக்கா. மீன் ஏலம் விடுகிற இடத்தில் 'அதோ வருது பாரு'. எங்கள் மகளிர் குழுவுக்கு அவர் தலைவி. நான் கணக்கு எழுதுகிறவள். நான் பிறந்தது அனுப்பம்பட்டுப் பக்கம், நெல் விளைகிற வீடு. கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் ஏரிச்சேற்றில் கால் வைக்கவே எனக்குக் கூச்சம். குழுவின் முதல் கூட்டத்தில் என் கையெழுத்தைப் பார்த்துவிட்டு, "கோலம் போட்டா மாதிரி எழுதறியே, இனிமே நீதான் கணக்கம்மா" என்று சொன்னார். அன்றோடு என் பெயரும் போயிற்று.

அவர் எடுப்பு நடந்த அன்று உங்களில் பலரும் வந்திருந்தீர்கள். அழுதுகொண்டுதான் ஆரம்பித்தோம். பிறகு ஒருத்தி ஒரு கதையைச் சொல்ல, இன்னொருத்தி அதைத் திருத்த, கடைசியில் சாவு வீட்டில் பெண்கள் சிரிக்கிறார்களே என்று ஆண்கள் திரும்பிப் பார்க்கும்படி ஆகிவிட்டது. அதிகமாகச் சொல்லப்பட்டது கம்ப்யூட்டர் கதைதான். ஆளுக்கொரு விதமாகச் சொன்னீர்கள். அக்கா கம்ப்யூட்டரை ஏரியில் போட்டுவிட்டார் என்றுகூட ஒருத்தி சொன்னாள். கூடவே இருந்தவள் நான் ஒருத்திதான். ஆகையால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன்.

எங்கள் குழுவில் பெரும்பாலோர் ஏரியில் இறங்கிக் கையால் இறால் பிடிப்பவர்கள் என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. வலை கிடையாது, படகு கிடையாது. இடுப்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவிக்கொண்டே போவார்கள். ஓலையில் முடைந்த பறி என்கிற பை பல்லில் கவ்வியிருக்கும். அகப்பட்ட இறாலை அதில் போடுவார்கள். குணா அக்கா வாய் மூடியிருந்து நாம் பார்த்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

இவர்களுக்கு மீனவர் அட்டை கிடைக்கவில்லை. கேட்டுப் போன இடங்களில் 'வலை எங்கே, படகு எங்கே' என்று கேட்டார்கள். அக்கா திரும்பி வந்து, "வலை எங்க, படகு எங்கன்னு கேக்கறானுங்களே, கை எங்கன்னு ஒருத்தனாவது கேட்டானா?" என்றார். கையைக் காட்டத்தான் போட்டோ எடுக்க ஆரம்பித்தார். ஒரு பழைய போனைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, எட்டு வருஷம் எடுத்தார். மழையில், பனியில், முகத்துவாரம் அடைத்து ஏரி வற்றிக் கிடந்தபோது, வெள்ளம் வந்தபோது. எந்தப் படம் எந்த நாளில் எடுத்தது என்று அதனதன் கூடவே பதிவாகியிருக்கும். ஏரியில் இறங்கும் பெண்கள் நாற்பது பேர்; ஒருத்தரையும் விடவில்லை.

அந்தப் படங்களையெல்லாம் குழுவின் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். புயலுக்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தார் கொடுத்துவிட்டுப் போன பழைய கம்ப்யூட்டர் அது. கருவாட்டு மூட்டைகள் இருக்கிற அறையில்தான் அதற்கும் இடம் கிடைத்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனமும் குங்குமமும் நான்தான் வைப்பேன். அதை இயக்க யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை; தட்டித் தட்டிக் கற்றுக்கொண்டேன். கணக்குகளை அதிலும் எழுதி, பென் டிரைவிலும் ஒரு நகல் எடுத்து அம்மன் படத்துக்குப் பின்னால் வைத்துவிடுவேன். "போட்டோவுக்கும் ஒரு நகல் எடுத்துடலாம்க்கா" என்று பலமுறை கேட்டிருக்கிறேன். அக்கா ஒப்பவே மாட்டார்.

"ஈரப் பொடவையில நிக்கிறாளுங்கமே. அந்தக் குச்சி எவன் கைக்காவது போச்சுன்னா? ஊர் ஊரா சுத்த வுட்டுடுவானுங்க. என்னை நம்பி நின்னவளுங்க அவளுங்க."

அதற்குமேல் நான் கேட்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

மீன்வளத்துறைக்குப் புதிதாக ஓர் அதிகாரி வந்தார். நல்ல மாதிரி. "இந்தப் பெண்கள் பல வருஷமா இந்தத் தொழிலில் இருக்காங்கன்னு சாட்சி இருந்தா திங்கட்கிழமை கொண்டு வாங்க, பார்க்கலாம்" என்றார். அக்கா வானத்தில் நடந்தார். போனில் மிச்சமிருந்த கொஞ்சம் படங்களையும் ஏற்றிவிடலாம் என்று நாங்கள் இருவரும் உட்கார்ந்தோம். இடம் போதவில்லை என்று கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது.

"எதையாவது அழிச்சாத்தான் இடம் கெடைக்கும்க்கா" என்றேன்.

"ஒண்ணையும் அழிக்க வாணாம். இடம் உண்டாக்கறது எப்படின்னு நான் பார்த்து வச்சிக்கிறேன்" என்று போனை எடுத்து ஒரு வீடியோவைக் காட்டினார். ஆதி முதல் அந்தம் வரை இந்தி. எங்கள் இருவருக்கும் ஒரு சொல் தெரியாது. "பேச்சு நமக்கு எதுக்கு? அம்பு எங்க போவுதோ அங்க நாமளும் போனா ஆச்சு" என்றார். அந்த வீடியோவில் வந்த மென்பொருளை எப்படியோ இறக்கியும் வைத்திருந்தார்.

திறந்ததும் ஹார்ட் டிஸ்க் முழுவதும் ஒரே வரிசையில் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. C என்று ஒரு பெரிய கட்டம், D என்று இன்னொரு பெரிய கட்டம். எல்லாவற்றுக்கும் முன்னால் விரல்கடை அகலத்தில் ஒரு துண்டு. அதற்கு C, D மாதிரி ஓர் எழுத்து கிடையாது.

இங்கே ஒன்றைச் சொல்லவேண்டும். எங்கள் ஏரியில் பாடு என்று ஒரு முறை உண்டு. எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்வார்கள். சீட்டு விழுந்தவன் அன்றைக்கு வராமல் போனால் இடம் சும்மா கிடக்காது. அடுத்து நிற்கிறவன் வலையை இறக்கிவிடுவான். கையால் பிடிக்கிற பெண்களுக்கு இந்தப் பாடு எதுவும் கிடையாது. குணா அக்கா பிறந்தது முதல் அடுத்தவர் பாட்டின் ஓரத்திலேயே நின்று இறால் பிடித்தவர். அவர் கண்ணுக்கு அந்தத் திரை கம்ப்யூட்டராகத் தெரியவில்லை. ஏரியாகத் தெரிந்தது.

"இந்தச் சின்னது யாருது?"

"ரிசர்வ்டுன்னு போட்டிருக்குக்கா. யாரோ ரிசர்வ் பண்ணி வச்சிருக்காங்க."

"யாரு?"

"தெரியல."

"உள்ள இன்னா கீது?"

திறந்து பார்க்க முடியவில்லை என்றேன்.

"எத்தினி வருஷமா இந்தப் பொட்டி நம்மகிட்ட கீது? ஒரு நாளாவது அவன் வந்து எட்டிப் பார்த்தானா? ரயில்ல ரிசர்வ் பண்ணிட்டு ஆளு வரலைன்னா டிடிஆரே அந்த சீட்ட அடுத்தவனுக்குக் குடுத்துடுவான்."

"யாருன்னு தெரியாம கை வைக்காதக்கா."

"வந்து கேக்கட்டுமே. ஏரியிலதான் எனக்கு ஒரு பாடு இல்ல. இதுலயாவது ஒண்ணு இருந்துட்டுப் போவட்டும்."

அழித்தார். 'நிச்சயமா?' என்று அது ஆங்கிலத்தில் கேட்டது. நான் வாசித்துச் சொன்னேன். நிச்சயம் என்றார். மறுபடியும் கேட்டது. "மரியாதை தெரிஞ்ச பொட்டி" என்று சொல்லிவிட்டு அதற்கும் தலையாட்டினார். அந்தத் துண்டை C-யோடு சேர்க்கச் சொன்னார். கம்ப்யூட்டரை ஒருமுறை அணைத்துப் போட்டால்தான் சேர்க்க முடியும் என்றது. போட்டோம்.

கறுப்புத் திரை வந்தது. வெள்ளை எழுத்தில் ஒரே வரி. தொடங்குவதற்கு எதுவும் அகப்படவில்லை என்று பொருள். மறுபடி போட்டோம், அதே வரி.

அக்கா பெட்டியின் மேல் காது வைத்துக் கேட்டார். "காத்தாடி சுத்துது. லைட்டு எரியுது. எல்லாம் கீது, ஆளத்தான் காணோம்."

நான் கற்பூரம் ஏற்றினேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டேன்.

"அம்மனுக்குக் கம்ப்யூட்டர் தெரியுமா மே?" என்றார்.

"உனக்குத் தெரியுமாக்கா?" என்றேன்.

திரும்பிப் பார்த்தால் அக்கா கருவாட்டு மூட்டை மேல் உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்திருந்தார். "எட்டு வருஷம்மே. ராணிக்கு அப்ப கல்யாணம்கூட ஆவல. இன்னொரு வாட்டி எடுக்க முடியுமா அத்த? திங்கக்கெழம அந்த ஆபீசர் முன்னால வெறுங்கையா போய் நின்னா, இதுங்க சும்மா வந்துச்சுங்கன்னுதானே நெனப்பாரு? அவளுங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?" என்றார்.

மறுநாள் பொன்னேரிக்குப் புறப்பட்டோம். பெட்டி நனையக்கூடாது, இடிபடக்கூடாது. அதற்கேற்ற பெட்டி எங்கள் ஊரில் ஒன்றுதான் உண்டு: இறாலை ஐஸ் போட்டு அனுப்புகிற தெர்மாகோல் பெட்டி. பழைய புடவை ஒன்றைச் சுற்றி அதற்குள் இறக்கினோம். பஸ்ஸில் அக்கா அதை மடியில் வைத்துக்கொண்டார். கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் எடுக்கச் சொன்னார்.

"பொட்டில இன்னாம்மா, வெள்ளை இறாவா?"

"நாப்பது பொம்பளைங்க" என்றார் அக்கா.

கண்டக்டர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே நெல்வயலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்குப் பிறகு அவர் லக்கேஜ் டிக்கெட்டும் கேட்கவில்லை, பொன்னேரி வருகிற வரையில் எங்கள் பக்கமும் வரவில்லை.

கம்ப்யூட்டர் கடைக்காரர் பாஸ்கர் பொறுமைசாலி. அன்றைக்கு அந்தப் பொறுமை முழுவதும் செலவாயிற்று. பெட்டியின் மூடியைக் கழற்றியதும் உலர்ந்த இறால் மீசை கொத்தாக விழுந்தது. பென் டிரைவ் செருகும் துளையில் குங்குமம் அடைத்திருந்தது. குண்டூசியால் குத்தி எடுத்தார். மூக்கை ஒருமுறை துடைத்துக்கொண்டார். பிறகு, "யாராவது இதுல ஏதாவது பண்ணீங்களாக்கா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் பண்ணல தம்பி. அதுவாவே ஒரு நாள் காத்தால எழுந்திருக்கல" என்றார் அக்கா, தூக்கத்தில் போனவர்களைப் பற்றிச் சொல்கிற குரலில்.

பாஸ்கர் தன்னுடைய பென் டிரைவைச் செருகி, அதன் மூலமாகக் கம்ப்யூட்டரை எழுப்பினார். "இங்க முதல்ல ஒரு சின்ன பகுதி இருந்திருக்கணுமே. காணோம்."

"காணோமா? அடப்பாவமே!"

"கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல்ல அதைத்தான் தேடும்க்கா. விண்டோஸ் எங்க இருக்கு, எப்படி எழுப்பணும்னு அதுக்குத்தான் தெரியும். அது இல்லன்னா மத்ததெல்லாம் பத்திரமா இருந்தும் பிரயோஜனம் இல்ல."

அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரில் இருந்த முருகன் காலண்டரைப் பார்த்தேன்.

"டிஸ்க்கே கெட்டுப்போய் அந்த இடம் காணாமப் போயிருந்தா போட்டோ வரும்னு சொல்ல முடியாது" என்றார் பாஸ்கர். "யாராவது தெரியாம அழிச்சிருந்தா, அது வேற விஷயம். திரும்ப எடுத்துடலாம்."

"அப்ப நான்தான் தம்பி அழிச்சேன்!" என்றார் அக்கா. பரிசு வாங்கப் போகிறவர் மாதிரி சொன்னார்.

பாஸ்கர் சிரிக்காமல் இருக்க அரும்பாடுபட்டார். அழித்த பிறகு அந்த இடத்தில் வேறு ஏதாவது எழுதினீர்களா என்று கேட்டார். "எழுதறதுக்குள்ளதான் தூங்கிப்போச்சே" என்றார் அக்கா. அதுதான் நல்லதாயிற்று என்றார் பாஸ்கர். அழித்தால் இடத்தின் எல்லைக்கோடு மட்டும்தான் போகும். உள்ளே இருப்பது அப்படியேதான் கிடக்கும். மேலே வேறு எதையும் போடாதவரை, கோட்டைத் திரும்பப் போட்டுவிட்டால் போதும். தொலைந்த எல்லைகளைத் தேடிக் கண்டுபிடிக்கிற ஒரு மென்பொருளை ஓடவிட்டார். மெதுவாகத்தான் போகும், பெட்டியை வைத்துவிட்டுப் போய் நாளைக்கு வாருங்கள் என்றார்.

"வுட்டுட்டுப் போறதா? உள்ள பொம்பளைங்க இருக்காங்க தம்பி" என்று அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். பாஸ்கர் ஓட்டலுக்குக் கிளம்பியபோதும் எழவில்லை. "நீ போய் துன்னுட்டு வா தம்பி. கடையையும் சேத்துப் பாத்துக்கறேன்" என்றார். பார்த்துக்கொள்ளவும் செய்தார். பாஸ்கர் திரும்பி வருவதற்குள், போனுக்கு உறை வாங்க வந்த ஒருவரிடம் பேசி இரண்டாக விற்றிருந்தார்.

தேடி முடித்ததும் திரையில் சில வரிகள் வந்தன. பாஸ்கர் நெற்றியைச் சுருக்கினார். கம்ப்யூட்டர் எங்களிடம் வருவதற்கு முன்பு வேறு யாரிடமோ இருந்திருக்கிறது. அவர்கள் பிரித்துவைத்த பழைய எல்லைகளும் சேர்ந்து அகப்பட்டுவிட்டன. ஒரே இடத்தில் தொடங்குகிற இரண்டு இருந்தன. ஒன்று சிறியது, ஒன்று நடுப்பகுதி வரை நீள்வது. "எனக்குப் பார்த்தா சின்னதுதான்னு படுது. ஆனா தப்பா போட்டுட்டா சிக்கல். அழிக்கறதுக்கு முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு பார்த்தவங்க யாராவது சொன்னா நிச்சயமாப் போடலாம்" என்றார்.

எனக்கு நினைவில்லை. வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதிலேயே நான் குறியாக இருந்தேன். அக்கா எழுந்துபோய்க் கடை மேசைமேல் விரலால் கோடு போட்டார்.

"மொதல்ல இது. வெரக்கடை அகலம்தான். அது முடியற எடத்துல C ஆரம்பம். அப்பால D. நடுவுல சந்து கெடையாது."

"சந்து இல்லன்னு நல்லா ஞாபகம் இருக்காக்கா?"

"இருந்திருந்தா அத்தயும் எடுத்திருப்பேனே தம்பி."

பாஸ்கர் இந்தத் தடவை சிரித்தேவிட்டார். அடுத்தவர் இடத்தை மடக்கப் போகிறவர் அதன் வேலியை எவ்வளவு கூர்மையாகப் பார்த்திருப்பார் என்று அவருக்கும் புரிந்துவிட்டது. சின்னதையே தேர்ந்தெடுத்தார். இதிலிருந்துதான் தொடங்கவேண்டும் என்பதற்கு ஓர் அடையாளம் வைத்தார். அந்தக் கோட்டை டிஸ்க்கில் எழுதினார். தன் பென் டிரைவை உருவிக்கொண்டு கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார்.

கறுப்புத் திரை. நான் கண்ணை மூடி அம்மன் பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். இறால் கொடுக்கு குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். திடீரென்று அந்தப் பிடி தளர்ந்தது. கண்ணைத் திறந்தேன். நீலத்திரையில் புள்ளிகள் வட்டமாகச் சுற்றிக்கொண்டிருந்தன. பிறகு எங்கள் குழுவின் பெயர் வந்தது.

"தம்பி, நீ அந்தப் பக்கம் திரும்பிக்கோ" என்றார் அக்கா.

"எதுக்குக்கா?"

"போட்டோ வந்துகீதான்னு பார்க்கணும். திரும்பிக்கோப்பா."

பாவம், இவ்வளவும் செய்த மனிதர் தன்னுடைய கடையில் முருகன் காலண்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். நாங்கள் ஒவ்வொரு வருஷமாகத் திறந்து பார்த்தோம். எல்லோரும் இருந்தார்கள். ராணி கல்யாணத்துக்கு முன்பு இருந்தாள், கல்யாணத்துக்குப் பின்பும் இருந்தாள். அக்கா ஒவ்வொருத்தி பெயராகச் சொல்லிக்கொண்டே வந்தார். "இன்னாமே இது, கண்ணுல உப்புத்தண்ணி பட்டா மாதிரி கீது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"திரும்பலாமாக்கா?" என்று கேட்டார் பாஸ்கர்.

"இரு, இன்னும் ரெண்டு வருஷம் கீது."

அன்று என்னிடமும் ஒன்று சொன்னார். ஆபீசுக்கு மட்டும் எப்படிக் காட்டுவாய் என்று நான் கேட்டதற்கு, "ஆபீசுல காட்டுனா சாட்சி. கடையில காட்டுனா வேடிக்கை" என்றார். அவர் சொன்னவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இது.

திங்கட்கிழமை பெட்டியையும் தூக்கிக்கொண்டு நாற்பது பேரையும் கூட்டிப்போனோம். அங்கிருந்த திரையில் மாட்டி, அதிகாரி படங்களைப் பொறுமையாகப் பார்த்தார். "எல்லாரும் வாயில எதையோ கவ்விக்கிட்டே இருக்காங்களே, கொஞ்சம் நிமிர்ந்து சிரிக்கச் சொல்லியிருக்கலாமே?" என்றார். "வாயைத் தொறந்தா பறி வுழுந்துடும் சார், சோறு போய்டும்" என்றார் அக்கா. அதிகாரி தலையசைத்தார். வருஷத்தையும் நாளையும் பார்த்துப் பார்த்துப் பெயர்களை எழுதிக்கொண்டார். எல்லாம் முடிகிற நேரத்தில் நிமிர்ந்து, "உங்க படம் ஒண்ணுகூட இல்லையேம்மா?" என்றார்.

எங்களில் ஒருத்திக்கும் அதுவரை அது தோன்றவில்லை. எட்டு வருஷமாக எடுத்தவர் அவர். எடுக்கிறவர் எப்படிப் படத்தில் வருவார்? "அட, ஆமா" என்றார் அக்காவே, சின்னக் குரலில்.

படம் இல்லாமல் எழுத முடியாதே என்று அதிகாரி தயங்கினார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆதாரம் கேட்பதுதான் அவர் வேலை. அப்போது பின்னாலிருந்து ராணி வந்தாள். கூட்டத்தில் வாயே திறக்காத பெண்.

"சார், இந்தப் படத்துல நான் எங்க நிக்கிறேன்?"

"ஏரியில."

"எவ்ளோ தண்ணியில?"

"இடுப்பளவு."

"என் மூஞ்சிக்கு நேரா நின்னு எடுத்திருக்காங்களே, அவங்க எங்க நின்னுக்கினு எடுத்திருப்பாங்க சார்? தார் ரோட்டுலயா?"

அதிகாரி படத்தைப் பார்த்தார். ராணியைப் பார்த்தார். இன்னொரு படத்தைத் திறந்தார். அதிலும் நாலாபக்கமும் தண்ணீர். பிறகு நாற்பது பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். "நானும் தண்ணியிலதான் இருந்தேன், அக்காவும் தண்ணியிலதான் இருந்துச்சு" என்று ஒவ்வொருத்தியும் தன் படத்தைக் காட்டினாள். அந்தச் சத்தத்தை நிறுத்துவதற்காகவோ, உண்மையிலேயே ஒப்புக்கொண்டோ, அவர் சிரித்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். குணா அக்கா மேசைக்கு முன்னால் அசையாமல் நின்றார். "உட்காருங்கம்மா, எழுதறேன்" என்றார் அதிகாரி. "நீங்க எழுதுங்க சார்" என்றார் அக்கா. தன் பெயரின் கடைசி எழுத்தை அவர் எழுதி முடிக்கிறவரை அக்கா உட்காரவில்லை.

அட்டை வந்த பிறகு அவர் செய்த அலப்பறையெல்லாம் உங்களுக்கே தெரியும். காய்கறிக்காரரிடம்கூட எடுத்துக் காட்டினார். படகுத் துறையில் ஆண்கள் கேலி செய்தபோது, "இன்னா நைனா, உன் அட்டையும் என் அட்டையும் ஒரே அளவுதானே? வேணும்னா வச்சிப் பாரு" என்றார். கம்ப்யூட்டர் கதையைச் சொல்லும்போது தன் தப்பை ஒருபோதும் மறைத்ததில்லை. ஆனால் சொல்லும்போது கதையில் பாஸ்கர் திரும்பி நின்ற நேரம் மட்டும் ஒவ்வொரு தடவையும் நீண்டுகொண்டே போகும்.

போன வாரம் இறப்பைப் பதிவு செய்ய சேகரோடு நானும் போனேன். எழுத்தர் பெயர், வயது, ஊர் எல்லாம் கேட்டுக்கொண்டே வந்தார்.

"தொழில்?"

சேகர், அவன்மேல் தப்பில்லை, வாயில் வந்ததைச் சொன்னான். "வீட்டுலதான் சார் இருந்தாங்க."

எழுத்தர் எழுதக் குனிந்தார். "கொஞ்சம் இருங்க சார்" என்று சொல்லி, சேகர் பையிலிருந்த அட்டையை வாங்கி மேசைமேல் வைத்தேன். "மீனவர்னு எழுதுங்க."

எழுத்தர் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொம்பளைங்களுக்குப் பொதுவா இல்லத்தரசின்னுதாம்மா போடுவோம்" என்றார். அட்டையில் 'மீனவர்' என்றிருந்த இடத்தை விரலால் காட்டினேன். "அப்புறம் மாத்திக்கலாமே, பின்னாடி வரிசை நிக்குது" என்றார். சேகர் என் கையைத் தொட்டு, "வாங்க சித்தி, பரவால்ல" என்றான்.

பிறகு அட்டையைச் சேகர் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டான். அது அவனுக்குச் சேரவேண்டியது. போட்டோக்கள் நாற்பது பேருக்கும் சேரவேண்டியவை. குணா அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான்: எழுதி முடிக்கிறவரை மேசைக்கு முன்னால் நிற்பது. அன்று எழுத்தர் முன்னாலும் அப்படியே நின்றேன். எழுத்தர் பேனாவை எடுத்தார். 'மீனவர்' என்று எழுதினார். அதற்குப் பிறகுதான் உட்கார்ந்தேன்.